டிஷுவுக்குப் பதில் துணி: நாற்றம் வராமல் வைத்துக்கொள்வது எப்படி?

பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தங்கை இப்படிக் கேட்டிருந்தார்: "அக்கா, எங்கள் வீட்டில் வாரம் இரண்டு ரோல் கிச்சன் டிஷு போகிறது. அது போக டிஷுப் பெட்டி, சின்னவனுக்கு ஈரத் துடைப்பான். போன வருடம் பழைய டி-சட்டைகளை வெட்டித் துடைக்க வைத்துப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் நாற்றம், கரும்புள்ளி. 'இந்தக் கரித்துணி எல்லாம் எதுக்கும்மா, டிஷுவே வாங்கு' என்று மாமியார் சொல்லிவிட்டார். என்ன துணி எடுப்பது, எத்தனை வேண்டும், எப்படித் துவைப்பது? வீட்டில் தையல் மெஷின் இல்லை."

தங்கை, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாமியார் இட்லி அவிக்கத் துணி போடுகிறவரா? அந்தத் துணி எப்போதாவது நாறியிருக்கிறதா? நாறியிருக்காது. இட்லி எடுத்த கையோடு ஒட்டிய மாவைச் சுரண்டி, தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, விரித்துக் காயப்போட்டுவிடுவார். அதை ஈரமாகச் சுருட்டி எந்த மூலையிலும் போட மாட்டார். நீங்கள் கேட்ட நாற்றத்துக்கு விடை அங்கேயே இருக்கிறது. துணி வெட்டுவதும் தைப்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அழுக்கானதை எங்கே போடுவது, எங்கே காயவைப்பது என்று முதலிலேயே இடம் ஒதுக்காத வீட்டில்தான் டிஷு திரும்பி வந்துவிடுகிறது.

நான் ஆயர் ஈத்தாமில் வீட்டிலேயே தையல் எடுத்துச் செய்கிறவள். டிஷு ரோல் வாங்குவதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கும் முதல் வருடம் இதே கதைதான். மூடி போட்ட வாளி ஒன்று வாங்கி, அழுக்குத் துணியை எல்லாம் அதில் போட்டு மூடிவைத்தேன். நவம்பர் மாதம், விடாத மழை. நான்கு நாள் கழித்துத் திறந்தால் குப்பென்று புளித்த வாடை. துணிகளில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். 14 துணிகள். கொதிநீரில் போட்டேன், வெயிலில் போட்டேன், வாடை போனது, புள்ளி போகவில்லை. பூஞ்சை நூலுக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கறை அப்படியே தங்கிவிடும். எல்லாவற்றையும் தரை துடைக்கத் தள்ளிவிட்டேன். அன்றோடு மூடியைக் கழற்றியதுதான்.

பினாங்குக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லித்தரும் முறை, அதாவது இரண்டு மூன்று அடுக்காகத் தைத்து வாரம் ஒருமுறை துவைப்பது, இங்கே எடுபடாது. ஈரமும் சாப்பாட்டு மிச்சமும் சூடும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கிருமி பெருகுவதற்கு அரை நாள் போதும். அதனால் நான் கைவிடாமல் செய்வது இதுதான்: துடைத்த துணியை உடனே குழாயில் அலசு, இறுகப் பிழி, கூடையின் விளிம்பில் விரித்துப் போடு. கூடை என்றால் பக்கமெல்லாம் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடை. மறுநாள் விளிம்பில் காய்ந்ததைத் தள்ளிக் கூடைக்குள் போட்டுவிட்டுப் புதிதாக ஈரமானதை விளிம்பில் போடலாம். காய்ந்த அழுக்குத் துணி மூன்று நாள் இருந்தாலும் நாறாது, ஈர அழுக்குத் துணி ஒரு ராத்திரியிலேயே நாறும்.

இனித் துணிக்கு வருகிறேன். உங்கள் டி-சட்டைத் துணி சரிப்படாமல் போனதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். விளையாட்டுச் சட்டை பெரும்பாலும் பாலியஸ்டர். அது தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடாது. வெட்டுவதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். நல்ல பழைய பருத்தி என்றால் விட்ட உடனே பரவி மறையும். முத்துபோல் உருண்டு நின்றால் அது துடைக்க ஆகாது. இன்னும் சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நான்கு நூலை உருவி, சிங்க்குக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

வீட்டிலேயே இருக்கும் துணிகளில் பழைய வேட்டிக்கு நிகர் எதுவும் கிடையாது. நூறு முறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் மெலிந்த வேட்டி தண்ணீரைக் கண்டதும் உறிஞ்சும், கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். அடுத்தது கைலி. இங்கே மலாய்க்காரர்கள் கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார்களே, அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். கடல் தாண்டி வந்த அந்த ஊர்த் துணியின் பெயரே இங்கே நிலைத்துவிட்டது. ஆனால் இப்போது விற்கும் கைலிகளில் பாலியஸ்டர் கலந்தவையும் உண்டு, சொட்டுத் தண்ணீர் சோதனை செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அப்புறம் பருத்திப் படுக்கை விரிப்பு, அம்மாவின் பழைய நூல் சேலை. சுத்தமான பருத்தி டி-சட்டை கிடைத்தால் அதையும் ஒதுக்காதீர்கள். பின்னல் துணி என்பதால் ஓரம் பிரியாது, தையலே வேண்டாம், குழந்தையின் மூக்குக்கு மென்மையாக இருக்கும். அடுப்படிக்கு மட்டும் அது சரிப்படாது. நெய்த மெல்லிய துணியைவிடக் காய நேரம் எடுக்கும்.

சாப்பாட்டுக் கடைகளில் தோளில் கிடக்குமே, சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைக் குட் மார்னிங் துண்டு, அதையும் சொல்ல வேண்டும். மெல்லிய பருத்தி, விலை குறைவு, சீக்கிரம் காயும். குறுக்கே இரண்டாக வெட்டி வெட்டிய ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. தைக்க நேரமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புதுத் துணிதான் எடுக்க வேண்டுமென்றால் லெபோ பாசார் பக்கம் ஜவுளிக் கடைகளில் காடாத்துணியும் மல் துணியும் கேளுங்கள். பூப்போட்ட ஃபிளானல் பார்க்க அழகாக இருக்கும். மூக்குக்கும் குழந்தைக்கும் அது சரி, அடுப்படிக்கு வேண்டாம். புதுத் துணியில் கஞ்சி ஏறியிருக்கும், இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகுதான் தண்ணீர் குடிக்கப் பழகும். முதல் துவைப்பில் சுருங்கவும் செய்யும், அதனால் துவைத்த பிறகே வெட்டுங்கள். என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு கிலோ பருத்தி விளைந்து துணியாவதற்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. காகிதத்தை மிச்சப்படுத்தப் புதுத் துணியாக வாங்கி அடுக்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் ஒரு அங்குலத்துக்குத்தான் வேண்டும். வேட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். பர்ரென்று நூல் பிடித்து நேராகக் கிழியும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினாலும் இவ்வளவு நேராக வராது. கிழிக்கும்போது பறக்கும் பஞ்சுத் தூசிக்கு மட்டும் சன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அளவு 10 அங்குலச் சதுரம். கடையில் 44 அங்குல அகலத் துணி ஒரு மீட்டர் எடுத்தால், துவைத்த பிறகு ஏறக்குறைய 42க்கு 38 அங்குலம் நிற்கும். அகலத்தில் நான்கு, நீளத்தில் மூன்று என்று 12 அடுப்படித் துணி வரும். அடியில் 8 அங்குலப் பட்டை மிஞ்சும். அதை ஐந்தாகக் கிழித்தால் மூக்குத் துடைக்க ஐந்து கைக்குட்டை. துண்டு வீணாகாது.

மெஷின் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஓரத்தைக் கால் அங்குலம் மடித்து, மறுபடியும் கால் அங்குலம் மடித்து, ஓட்டுத் தையல் போட்டால் போதும். டிவி பார்த்துக்கொண்டே ஒரு மாலையில் நான்கைந்து முடிக்கலாம். மூலையில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், நான்கு மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தடித்துவிடும், அந்தத் தடிப்புதான் கடைசிவரை காயாமல் கிடக்கும். மடிக்கும் முன் மூலையின் நுனியைச் சாய்வாகச் சிறிது வெட்டிவிடுங்கள், தட்டையாகப் படியும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் அக்கம்பக்கத்துத் தையல் கடையில் ஓவர்லாக் மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள், மொத்தமாகக் கொடுத்தால் அரை மணி நேர வேலை. பிசிறு விட்டபடியே பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் வாஷிங் மெஷினில் நூலெல்லாம் பிரிந்து மற்றத் துணிகளோடு சிக்கிக்கொள்ளும். சின்ன வலைப் பைக்குள் போட்டுத் துவைக்க வேண்டிவரும்.

இரண்டு அடுக்காக மட்டும் தைக்காதீர்கள். உள்ளே பஞ்சோ துவாலையோ வைத்துத் தைப்பதும், ரோல்போல் சுற்றி வைக்க ஓரத்தில் பொத்தான் வைப்பதும் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். நம் காற்றில் உள் அடுக்கு காயாது, அங்கேதான் வாடை குடியேறும். ஒற்றை அடுக்கு போதும், அதிகம் சிந்தினால் இரண்டு துணி எடுத்துத் துடைக்கலாம்.

எத்தனை வேண்டும் என்பதைக் கணக்கிட்டே சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அடுப்படியில் ஒரு நாளைக்கு எட்டுத் துணி அழுக்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்தால் 24. துவைத்தது காய மழைக்காலத்தில் ஒன்றரை நாள் ஆகலாம், அதற்கு இன்னும் 12. ஆக 36. போன முறை பத்துப் பன்னிரண்டுதான் வைத்திருந்திருப்பீர்கள். அது போதாமல் ஈரத் துணியையே திரும்பத் திரும்ப எடுத்திருப்பீர்கள். நாறியதற்கு அதுவும் ஒரு காரணம். தரைக்கும் கழிவறைக்கும் தனி நிறம் வைத்துவிடுங்கள். நான் அடுப்படிக்கு வெள்ளை வேட்டி, தரைக்குக் கட்டம் போட்ட கைலி என்று பிரித்திருக்கிறேன். இருட்டில் எடுத்தாலும் மாறாது.

துவைப்பதில் நம் ஊருக்கு ஒரு பெரிய பாடமே இருக்கிறது. ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் டோபி காட் என்ற இடம் இருக்கிறதே, தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துவைத்துப் பிழைத்த இடம் அது. நம் வழக்கத்தில் வெள்ளாவி வைப்பது என்றால், துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் தோய்த்து, நீராவியில் அவித்து, அலசி, வெயிலில் விரிப்பது. உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். இன்று கடையில் வாஷிங் சோடா என்று விற்பதும் அதுதான். காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிக் கழற்றும், சூடு கிருமியைக் கொல்லும், வெயில் கறையை வெளுக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் அடுப்படித் துணி சுத்தமாகும். நம் வீடுகளில் மேலே திறக்கும் வாஷிங் மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் ஓடுபவை, அதில் மட்டும் போட்டு எடுத்தால் எண்ணெய் முழுக்கப் போகாது.

நான் செய்வது: கூடைத் துணியை ஒரு வாளியில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா தூவி, கேத்தலில் கொதித்த தண்ணீரை ஊற்றிக் குச்சியால் அமுக்கி, அரை மணி நேரம் விடுவேன். தண்ணீர் பழுப்பாக மாறிவிடும். அதைக் கொட்டிவிட்டு, துணியை மெஷினில் போட்டுச் சாதாரண சோப்புத் தூளில் ஒரு சுற்று. வாளி வேலையைச் சின்னப் பிள்ளைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள், சோடாத் தண்ணீரில் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் ஊற்றவே கூடாது. அது நூலின் மேல் மெழுகுபோல் படிந்து, தண்ணீர் குடிக்கும் குணத்தையே கெடுத்துவிடும். நன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்த துணி திடீரென்று தண்ணீரைத் தள்ளினால் முதலில் சாஃப்ட்னரைத்தான் சந்தேகப்பட வேண்டும். குளோரின் பிளீச் அடிக்கடி போட்டால் பருத்தி இற்றுப்போகும். அதை வினிகரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மஞ்சள் கறையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் பயந்துபோகிறார்கள். மீன் குழம்பு துடைத்த வெள்ளைத் துணியைச் சோப்பில் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும். துணி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும் குணமுடையது, அவ்வளவுதான். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். அதன் பிறகு அதை வெயிலில் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. காலையில் பத்து மணிக்கு மாடத்துக் கம்பியில் எலுமிச்சை நிறத்தில் தொங்கிய துணி, மாலை நான்கு மணிக்கு எடுக்கும்போது கறை எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். கறை உள்ள பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போடுவது மட்டும்தான் உங்கள் வேலை.

துணியால் மாற்றக்கூடியவை அடுப்படி ரோல் மட்டும் இல்லை. கோப்பி வடிக்கக் காகித வடிகட்டி வாங்குகிறவர்கள், நம் கோப்பிக் கடைக்காரர் கையில் இருக்கும் நீளத் துணிப் பையைப் பார்த்தாலே போதும். தினம் கொதிநீரில் அலசிக் காயவைத்தால் மாதக்கணக்கில் வரும், சோப்பு மட்டும் போடாதீர்கள், அடுத்த கோப்பியில் வாசனை வரும். கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் காகிதத்துக்குப் பதில் லேசாக ஈரமான மல் துணியில் சுருட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சின்னவனின் ஈரத் துடைப்பானுக்கு, 8 அங்குல டி-சட்டைத் துண்டுகளை அன்றன்று வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒரு டப்பாவில் வைக்கலாம். முதல் நாள் நனைத்தது மிஞ்சினால் துவைக்கப் போட்டுவிடுங்கள். கடையில் விற்கும் ஈரத் துடைப்பான் பலவற்றில் காகிதமே கிடையாது, பிளாஸ்டிக் இழைதான். கழிவறையில் நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள், பிறகு ஈரம் ஒற்ற ஆளுக்கு இரண்டு மூன்று தனித் துண்டு போதும். சாப்பாட்டு மேசைக்கு நாப்கினே எதற்கு? கையால் சாப்பிட்டுக் கை கழுவும் வீட்டில் கை துடைக்க ஒரு துண்டு தொங்கினால் சரி. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு ஐம்பது பேர் வந்தால் மட்டும் வேட்டித் துண்டுகளை இரண்டு கூடையில் வைப்பேன், ஒன்றில் சுத்தமானது, மற்றொன்று போட்டுவிட. வந்தவர்கள் யாரும் முகம் சுளித்தது கிடையாது.

சளிக்குத் துணியா என்று உங்கள் மாமியார் கேட்கலாம். காகிதக் கைக்குட்டை 1924இல் அமெரிக்காவில் வந்தபோது முகத்தில் பூசிய கிரீமைத் துடைக்கத்தான் விற்றார்கள். மூக்குக்கு அதுவரை எல்லோரும் துணிதான். பிள்ளைக்குச் சளி பிடித்த நாளில் நான் பத்துத் துண்டு எடுத்துவைப்பேன், ஒன்றை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை, ராத்திரியே கொதிநீர் வாளிக்குப் போய்விடும். ஒரே கைக்குட்டையை நாள் முழுக்கப் பையில் வைத்திருந்தால்தான் தொல்லை.

காகிதத்தை முழுக்க ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு, அல்லது பாலர் பள்ளியிலிருந்து கை கால் வாய்ப்புண் நோய் வந்தால் அந்த வாரம் காகிதத்தில் துடைத்துப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். வடை, முறுக்கு எண்ணெயை வடிய வைக்கக் காகிதமும் வேண்டாம், துணியும் வேண்டாம், கம்பித் தட்டில் வைத்தால் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். எண்ணெய் ஊறிய துணியில் ஒரு ஆபத்தும் உண்டு. எண்ணெய் சரியாகப் போகாத துணியைச் சுயசேவை டோபிக் கடையின் டிரையரில் காயவைத்துச் சூட்டோடு குவித்து வைத்தால், அது தானாகவே மேலும் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். எண்ணெய்த் துணியை டிரையரில் போடவே வேண்டாம், கொடியில் போடுங்கள்.

துடைத்த டிஷுவை மறுசுழற்சித் தொட்டியில் போட்டால் போயிற்று என்று நினைக்கிறவர்களும் உண்டு. பினாங்கில் 2016 ஜூனிலிருந்து வீட்டிலேயே குப்பை பிரிக்கச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் அழுக்கான டிஷு மறுசுழற்சிக்கு ஆகாது, இழை அவ்வளவு குட்டையானது, எண்ணெயும் ஏறியிருக்கும். அது பொதுக் குப்பையோடு செபராங் பிறையில் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குத்தான் போகும். வாரம் இரண்டு ரோல் என்றால் உங்கள் ஒரு வீட்டிலிருந்து மட்டும் வருடத்துக்கு 104 ரோல். எனக்கு இது உறுத்தியதால்தான் அந்த 14 துணி வீணான பிறகும் விடாமல் மறுபடி ஆரம்பித்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிழிப்பதற்கு முன்னால் கூடையை வாங்கிவிடுங்கள், சிங்க்குக்கு அருகில் ஒரு கம்பியும் கட்டிவிடுங்கள். டிஷு ரோல் இப்போது தொங்கும் இடத்தில் துணிகளை மடித்து அடுக்குங்கள். ரோலை அலமாரியின் மேல்தட்டில், ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கும் உயரத்தில் வையுங்கள். கொட்டிய பாலைத் துடைக்க ஓடும் கை அருகில் இருப்பதைத்தான் எடுக்கும். வேட்டியைக் கிழிக்கும் வேலையை மாமியாரிடமே கொடுத்துப் பாருங்கள். நேராகக் கிழிக்க அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.